கம்பனி 'நிலைபேறு' என்று முடிவெடுப்பது எந்த மேசையில்?

கேள்வி – 2025 பெப்ரவரி 9

"முகாமைத்துவ பீடத்தில் இறுதியாண்டு. நிலைபேறான (இயற்கையும் தொழிலாளியும் அழியாமல் நீடிக்கிற) வழங்கல் சங்கிலி பற்றிக் கம்பனிகள் எப்படித் தீர்மானம் எடுக்கின்றன என்பது என் ஒப்படை. வாசித்த கட்டுரைகளில் எல்லாம் ஒரே படம்: மேல்மட்டம் கொள்கை வகுக்கிறது, அம்புக்குறி கீழே இறங்குகிறது, கடைசியில் மீனவரும் விவசாயியும் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ எல்லாம் விளம்பரம் என்றுதான் படுகிறது. உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

பெப்ரவரி 10

படத்தில் அம்புக்குறி இருக்கிறதல்லவா தம்பி, அதன் வழியாக உண்மையில் கீழே வந்து சேர்வது ஒரு விலைத்துண்டு.

2014 முதல் 2023 வரை யாழ்ப்பாணத்தில் குருநகர்ப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பனியின் நண்டு எடுக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். தகரக் கூரை, தராசு, ஐஸ் பெட்டிகள், நண்டு அவிக்கிற கிடாரம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 'வழங்குநர் நடத்தைக் கோவை'. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கணக்காய்வுக்கு வந்தவர் குறை எழுதிவிட்டுப் போன பிறகு தமிழிலும் வந்தது. அதில் 'சிறுவரை வேலைக்கு அமர்த்தக்கூடாது' என்பதைச் 'சிறியவரை' என்று அடித்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தராசுக்காரன் ஐந்தடிக்கும் குறைவு. அவனை வைத்திருப்பது கோவைக்கு விரோதம் என்று ஒரு மாதம் பகிடி ஓடியது.

ஒவ்வொரு இரவும் கொழும்பிலிருந்து கைபேசிக்கு விலை வரும். பெரிய நண்டு இவ்வளவு, நடுத்தரம் இவ்வளவு, நாளைக்கு இத்தனை கிலோ. மூன்று வரி, நான் சொன்ன விலைத்துண்டு அதுதான். கடலைப் பற்றிக் கம்பனி என்ன நினைக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும், சட்டத்துக்குள் இருப்பதை வாசிக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 12

ஆனால் விளம்பரம் என்று மொத்தமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். அளவு விதியின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் நண்டு பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போனது, சதை பிரித்து டப்பாவில். அங்கே கலிபோர்னியாவில் மொன்ரரி விரிகுடா மீன்காட்சியகம் இருக்கிறது. அவர்களுடைய 'சீஃபுட் வோட்ச்' என்ற திட்டம் கடலுணவுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கும். சிவப்பு விழுந்த சரக்கைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிற கடைத்தொகுதிகளும் உணவகங்களும் உண்டு. ஆகவே பக்கத்துப் பாசையூரில் ஒருவர் வலையிலிருந்து கழற்றுகிற நண்டுக்கு எங்கோ ஒரு மேசையில் நிறம் தீட்டுகிறார்கள். இந்தோனேசியா 2015இல் ஓடு 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த நண்டையும் சினை நண்டையும் பிடிக்கத் தடை போட்டது. அதற்குப் பிறகு எங்களிடம் வாங்குகிறவர்களும் 'உங்கள் அளவு என்ன' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கம்பனியின் முதல் முடிவு: சின்ன நண்டு எடுக்கவே வேண்டாம். அளந்து பார்க்க அடிமட்டம் ஒன்று தந்தார்கள். முதல்நாளே ஒரு பெரியவர் கேட்டார், "தம்பி, கடல் உன்ரை அடிமட்டத்தைப் பார்த்தே நண்டு விடுது?" நாங்கள் தள்ளிய நண்டு பக்கத்து வியாபாரியின் வாடிக்குப் போனது, இல்லாவிட்டால் சந்தைக்கு. செத்த நண்டைத் திருப்பிக் கடலில் விட்டு என்ன பயன்?

இரண்டாவது முடிவுதான் வேலை செய்தது. தள்ளுவதை விட்டுவிட்டு, சின்னதுக்கு விலையை நன்றாக இறக்கி, அந்தக் காசைப் பெரியதன் விலையில் ஏற்றினார்கள். அடுத்த வலை கட்டும்போது எங்களுக்குத் தருகிறவர்களில் பாதிப்பேர் கண் பெரிய வலை கட்டினார்கள். கூட்டமும் இல்லை, பதாகையும் இல்லை.

பெப்ரவரி 12, இரவு

பாதிப்பேர் என்று எழுதியது மிகை. எனக்கு நல்லாகத் தெரிந்த ஏழெட்டுப் பேர்.

பெப்ரவரி 15

'மீனவரிடம் நேரடியாக வாங்கியிருக்கலாமே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க லேசான கேள்வி.

கம்பனியின் புத்தகத்தில் 'வழங்குநர்' என்று பதிந்திருப்பவர் சம்மாட்டி. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்தவர் அவர்தான். அதனால் பிடிப்பு அவருக்குத்தான் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். கம்பனியின் கதவைத் தட்டினால் 'வழங்குநர் பதிவுப் படிவம்' நீட்டுவோம். அமெரிக்கக் கொள்வனவாளர் எங்கள் கம்பனிக்கு 60 நாளில் காசு போடுவார். கம்பனி சம்மாட்டிக்கு இரண்டு கிழமை இழுக்கும். சம்மாட்டி தொழிலாளிக்குக் கையிலே கொடுப்பார், கொடுத்துவிட்டு அந்தக் கடனின் செலவைக் கிலோ விலையில் கழித்துக்கொள்வார். 60 நாள் என்று நியூயோர்க்கில் யாரோ எடுத்த முடிவுக்கு வட்டி கட்டுவது பாசையூர்க்காரர்.

நிலைபேறு அறிக்கைகளில் இந்த நாள் கணக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒப்படையில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள்.

அரசாங்கங்கள் அடித்தால் மட்டும் எல்லாம் ஒரேயடியாக அசையும். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் எங்கள் நண்டை நிறுத்தியபோது கொழும்பே ஆடியது.

பெப்ரவரி 16

நேற்றைய கடைசி வரி பிழை. திருத்தியவருக்கு நன்றி, கொஞ்சம் மரியாதையாகவும் திருத்தியிருக்கலாம்.

அந்தத் தடை 2014 ஒக்ரோபரில் அறிவித்து, 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, 2016 ஜூனில் நீங்கியது. இலங்கைக் கொடியோடு ஆழ்கடலுக்குப் போகும் கலங்களை அரசு சரியாகக் கண்காணிக்கவில்லை, சட்டவிரோத மீன்பிடிக்குப் போதிய தண்டனை இல்லை என்பதுதான் காரணம். பெரிய அடி சூரையும் வாள்மீனும் பிடித்து அனுப்பியவர்களுக்கு, அதாவது தெற்கின் நெடுநாட் படகுகளுக்கு. எங்கள் களப்பு நண்டின் சந்தை அமெரிக்கா. ஆனாலும் அந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் கம்பனியும் திடீரென்று பதிவேடு பதிவேடாக எழுதச் சொன்னது. பக்கத்து வீட்டில் கள்ளன் புகுந்தால் நாங்கள் பூட்டு வாங்குவதில்லையா, அதுபோல.

படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி பூட்டியதும், தண்டப்பணத்தைக் கூட்டியதும் அந்த அடியால்தான். அதை மறுக்கமாட்டேன்.

பெப்ரவரி 27

சிவராத்திரிக்கு முழித்த கண்ணோடு செய்தி வாசித்தேன். நேற்று பிரசல்ஸில் ஐரோப்பிய ஆணைக்குழு ஒரு சட்டத்திருத்தப் பொதியை வெளியிட்டிருக்கிறது, பெயர் 'ஒம்னிபஸ்'. 2024இல்தான் ஒரு பணிப்பாணை கொண்டுவந்தார்கள்: பெரிய கம்பனிகள் தம் வழங்கல் சங்கிலி நெடுகிலும் மனித உரிமை, சுற்றாடல் பாதிப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டும். வருடம் திரும்பவில்லை, அதற்குள் 'எளிமையாக்கப்' போகிறார்களாம். நடைமுறைக்கு வருவது ஒரு வருடம் பின்னுக்கு, 2028க்கு. கண்காணிப்பை ஆண்டுதோறும் செய்யத் தேவையில்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். முக்கியமானது இது: பொதுவாக நேரடி வழங்குநரோடு நின்றுகொள்ளலாம், அதற்குக் கீழே பிரச்சினை என்று நம்பத்தக்க தகவல் வந்தால் மட்டும் இறங்கினால் போதும். இதை எழுதுகிற நாளில் அது முன்மொழிவுதான், சட்டமாகவில்லை. ஜேர்மனியில் 2023 முதல் இருக்கிற சட்டமும் ஏறத்தாழ இதே அமைப்பு.

இப்போது 15ஆம் திகதிக் குறிப்பைத் திரும்ப வாசியுங்கள். ஹம்பேர்க்கில் ஒரு கம்பனிக்கு நேரடி வழங்குநர் யார்? அங்கேயே இருக்கிற இறக்குமதியாளர். அவருக்குக் கீழே கொழும்பு ஏற்றுமதியாளர், அவருக்குக் கீழே சம்மாட்டி, அவருக்கும் கீழே தண்ணீரில் நிற்கிற மனிதர். நம்பத்தக்க தகவல் நாவாந்துறையிலிருந்து ஹம்பேர்க்குக்கு எந்தத் தபாலில் போகும்?

மார்ச் 2

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இங்கே சின்னப் படகு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். அதற்கு முன்பே வரிசை வரிசையாக நின்று களைத்துப்போன சனம். விலையும் ஏறியதும் தூரம் போவதை விட்டார்கள். கரையோடு, ஆழமில்லாத தண்ணீரில் வலை விரித்தார்கள். அங்கே அகப்படுவது சின்ன நண்டு.

சுவரில் அளவு விதி அப்படியே இருந்தது. கொழும்பிலிருந்து எழுத்தில் ஒன்றும் வரவில்லை, தொலைபேசி வந்தது. "இந்தக் கிழமை கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ." கொள்கலனை நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் கப்பல் திகதி போகும், திகதி போனால் அடுத்த ஓடர் வியட்நாமுக்கு. விட்டுப் பிடித்தேன். விட்டது மூன்று மாதம். நாள் பதிவேட்டில் எல்லா நண்டையும் நடுத்தரம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தது நான்தான்.

அடுத்த வருடக் கணக்காய்வில் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். எழுத்து தெளிவாக இருக்கிறது என்று பாராட்டு.

அளவு விதியைக் கைவிடுவது என்று எந்தச் சபையும் தீர்மானிக்கவில்லை. கூட்டக் குறிப்பில் தேடினால் கிடைக்காது. ஆய்வு செய்கிறவர்கள் முகாமையாளர்களுக்கு வினாக்கொத்து அனுப்பி 'எப்படித் தீர்மானிக்கிறீர்கள்' என்று கேட்பதில் எனக்கு இருக்கிற சந்தேகம் இதனால்தான். அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவரிடமும் பதில் இருக்காது, அவர் பொய்யும் சொல்லமாட்டார்.

மார்ச் 3

'அப்போ நீங்களும் கள்ளன்தானே' என்று எழுதியவருக்கு: ஓம்.

மார்ச் 9

கோட்பாடு ஏதாவது சொல்லுங்கள், விரிவுரையாளர் கேட்பார் என்கிறார் கேள்வி கேட்ட தம்பி. பீற்றர் கிரால்ஜிக் 1983இல் ஹாவர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் எழுதிய நாலு பெட்டி உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். வாங்குகிற பொருளை இரண்டு கேள்வியால் பிரிப்பது: இலாபத்தில் இதன் பங்கு எவ்வளவு, கிடைக்காமல் போகிற அபாயம் எவ்வளவு. இரண்டும் கூடினால் விற்பவரோடு நீண்டகால உறவு வை. இலாபப் பங்கு கூடி, அபாயம் குறைந்தால் பேரம் பேசிப் பிழி.

அமெரிக்க இறக்குமதியாளருக்கு நீல நண்டு இந்தோனேசியாவில் இருக்கிறது, பிலிப்பைன்ஸில் இருக்கிறது, வியட்நாமில், இந்தியாவில் இருக்கிறது. ஆகவே நாங்கள் பிழிகிற பெட்டி. அந்தப் பெட்டியில் இருக்கிற வழங்குநரிடம் 'கடலைப் பார்த்துக்கொள்' என்று சொல்வதும், கிலோவில் மூன்று சதவீதம் குறை என்று சொல்வதும் ஒரே கம்பனியின் இரண்டு அறைகள். எங்களுக்கு ஒரு கிழமை இரண்டு மின்னஞ்சலும் ஒன்றாக வந்தன. செவ்வாய்க்கிழமை நிலைபேற்றுப் பிரிவிலிருந்து, வலையில் கடலாமை, கடற்பசு, டொல்பின் சிக்கினால் பதிகிறீர்களா என்று. (நல்ல கேள்வி. கடல் பாலூட்டிகளைக் காக்காத மீன்பிடியின் சரக்கை எடுக்கமாட்டோம் என்று அமெரிக்கா 2016இலேயே விதி எழுதி, தவணை தவணையாகத் தள்ளி வந்தது.) வியாழக்கிழமை கொள்வனவுப் பிரிவிலிருந்து, அந்த மூன்று சதவீதம். செவ்வாய்க்காரருக்கு ஊக்கத்தொகை அறிக்கையால், வியாழக்காரருக்கு மிச்சம் பிடித்த காசால். எங்கள் முகாமையாளர் வியாழன் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதினார். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எனவே தம்பி, ஒரு கம்பனி உண்மையில் என்ன முடிவெடுத்திருக்கிறது என்று அறிய வேண்டுமானால் அதன் கொள்வனவு அலுவலரின் ஊக்கத்தொகை எதில் கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். சொல்லமாட்டார்கள். சொல்லவில்லை என்பதை எழுதுங்கள்.

மார்ச் 16

நான் ஒரேயடியாகக் கசப்பாக எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, மறுபக்கம் ஒன்று.

கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் கொட் மீன் ஒழிந்துபோய் 1992இல் மீன்பிடியையே மூடினார்கள். நூற்றாண்டுகளாகப் பிடித்த கடல். அப்போது உறைமீன் விற்பனையில் உலகத்தில் முன்னணியில் இருந்தது யுனிலீவர். சில வருடத்தில் அது இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். உடன் சேர்ந்து 'மரைன் ஸ்ரூவாட்ஷிப் கவுன்சில்' என்ற சான்றிதழ் அமைப்பைத் தொடங்கியது. அந்த நீல மீன் முத்திரை அங்கேயிருந்து வந்தது. கடல்மேல் காதல் வந்து செய்தார்களா? பெட்டிக்குள் போட மீன் இல்லாமல் போய்விடும் என்ற பயம் என்றுதான் நினைக்கிறேன். கிரால்ஜிக்கின் நாலு பெட்டியில் மீன் ஒரே இரவில் அபாயம் கூடிய பெட்டிக்கு மாறிவிட்டது. பயம் நல்ல காரணம்தான், ஆனால் ஒழிந்த பிறகு வருகிறது.

எங்கள் அளவு விதியைப் பற்றியும் இரண்டாம் யோசனை. பெப்ரவரி 12இல் அது கடலுக்காகச் செய்தது போல எழுதிவிட்டேன். சின்ன நண்டில் 'ஜம்போ லம்ப்' வராது. நீந்துகிற காலின் அடியில் இருக்கிற அந்த முழுச்சதைக்குத்தான் டப்பாவில் கூடிய விலை. சின்ன நண்டு உடைக்கிற பெண்களுக்கும் மினக்கேடு. ஆகவே அந்த விதியில் கம்பனிக்கும் ஆதாயம், கடலுக்கும் ஆதாயம். சினை நண்டு விதியும் அதே கோவையில் இருந்தது. சினை நண்டு பெரிது, சதை உண்டு, தள்ளினால் கம்பனிக்கு நட்டம். அந்த விதி சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. விலைத்துண்டில் ஒருநாளும் வரவில்லை.

மார்ச் 17

வழி மாறிப் போகிறேன், மன்னியுங்கள். என் மைத்துனர் உரும்பிராயில் வெங்காயம் செய்கிறார். அவரிடம் 'நிலைபேறு' என்ற சொல்லையே எடுக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்த ஞாபகம். சுண்ணக்கல் நிலம், கிணற்றில் நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது, உரம் குறைக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். குறைக்கிற வருடத்து நட்டத்தை யார் தாங்குவது என்று மட்டும் அந்த வர்த்தமானியில் இல்லை. நண்டுக் கம்பனியின் அடிமட்டமும் இதே வகைதான்.

மார்ச் 23

இதுவரை கம்பனி கம்பனி என்று பேசினேன். இப்போது நானே ஒரு கம்பனி. சிரிக்காதீர்கள், பதிவு செய்திருக்கிறேன். பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள். லண்டனில் இரண்டு கடை, ரொறன்ரோவில் ஒரு கடை.

பனங்கட்டியை ஓலையில் இழைத்த சின்னப் பெட்டியில், அதாவது குட்டானில்தான் வாங்குகிறேன். வடமராட்சியில் ஓர் அக்கா இழைத்துத் தருகிறார். வாங்கிவந்து குட்டானைப் பிரித்தெறிந்துவிட்டு, பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு அனுப்பினேன், இரண்டு வருடமாக. ஏன்? லண்டன் கடைக்காரர் தட்டையாக லேபல் வேண்டும் என்றார், பட்டைக்குறி வாசிக்க வேண்டும், அடுக்க வேண்டும். குட்டானில் எறும்பு வரும் என்றார். டப்பா மலிவு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு தேநீர் நேரம் பிடித்தது. ஒன்பது வருடம் மற்றவன் விலைத்துண்டைக் குறை சொன்னவனுக்கு, தன் துண்டு எழுதும்போது கை நடுங்கவில்லை.

அக்கா ஒருநாள் கேட்டார், "பிரிச்செறியத்தானே வாங்குறியள், பிறகேன் வடிவா இழைக்கச் சொல்லுறியள்?"

ஏப்ரல் 3

விடியவே பழைய அலுவலகத்து நண்பன் அழைத்தான். ட்ரம்ப் இலங்கைச் சரக்குக்கு 44 சதவீதம் வரி அறிவித்திருக்கிறார். ஆடைத் தொழிற்சாலைகள் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், நண்டைப் பற்றிப் பேச ஆளில்லை. காலையிலேயே கூட்டமாம். முதலில் வெட்டலாம் என்று பலகையில் எழுதியவற்றில் ஒன்று, கரையோர நிலையங்களில் பிடிப்புப் பதிவு செய்கிற பிள்ளைகளின் சம்பளம். பெரிய நண்டுக்குக் கூட்டிக் கொடுக்கிற மேல்விலை இரண்டாவது.

வழங்கல் சங்கிலி நெருக்கடியில் எந்தக் கண்ணி முதலில் அறும் என்று ஒப்படையில் அட்டவணை போட வேண்டியதில்லை. அந்தப் பலகையைப் படம் எடுத்தால் போதும்.

ஏப்ரல் 10

அந்த 44 சதவீத வரியை 90 நாள் நிறுத்தி வைத்தார்கள், அந்த நாள்களுக்கு 10 சதவீதம் என்றார்கள். நண்பனைக் கேட்டேன், அந்த இரண்டும் திரும்ப வந்ததா என்று. பிள்ளைகளின் சம்பளம் தப்பியதாம். பெரிய நண்டின் மேல்விலையை இறக்கியது இறக்கியதுதான். அதைத் திரும்ப ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம். கேட்கக்கூடியவர்கள் அந்த நேரம் கடலில்.

ஏப்ரல் 13

நாளைக்கு வருடப்பிறப்பு. தம்பி ஒப்படையைக் கொடுத்துவிட்டாராம். இந்தக் குறிப்புகளிலிருந்து 60 நாள் கணக்கை எடுத்திருக்கிறார், என் மூன்று மாதத்தை விட்டுவிட்டார். நல்ல பிள்ளை.

குட்டான் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: ரொறன்ரோக் கடைக்காரரோடு பேசினேன். விலையில் கொஞ்சம் ஏற்றித் தர ஒத்துக்கொண்டார், முதல் தடவைக்கு 200 குட்டான், எறும்புக்கு வெளியே ஒரு மெல்லிய உறை. ஏற்றியதில் பாதி அக்காவுக்கு. முழுவதும் கொடுத்திருக்கலாம்; விமானக் கூலி என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். லண்டனுக்கு இன்னும் டப்பாதான்.

லேபலை எங்கே ஒட்டுவது என்பது மட்டும் பிடிபடவில்லை. இரவு முழுக்க உருட்டிப் பார்த்துவிட்டேன், குட்டானுக்குத் தட்டையான பக்கம் என்று ஒன்றே கிடையாது.